ஓடுபாதையில் ஓர் ஊர்



பயணச் சிறப்பிதழ் எப்போது வரும் என்று கேட்டுக் கடிதம் எழுதியவர்கள் எல்லோருக்கும் இந்த இதழே பதில். பாரிஸ், பாலி, கென்யக் காடுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்று அச்சகத்தாரே சொன்னார்கள். அவர்கள் லேசில் பாராட்டுகிறவர்கள் இல்லை. என் பங்குக்கு இந்தப் பக்கத்தில் ஒரு விமான நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் போய்ப் பார்த்த இடமில்லை. இனிமேல் போவேனா என்பதும் சந்தேகம்தான். ஆனால் அதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் நெடுநாளாகப் படித்து வருகிறேன். ஒரு சாதாரணத் தார்ப் பாதைக்குள் இவ்வளவு கதை இருக்கிறதா என்ற வியப்பு இன்னும் தீரவில்லை.

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே துவாலு என்றொரு நாடு. ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை பதினோராயிரத்தை ஒட்டி. இவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் வசிப்பது தலைநகரான ஃபுனாஃபுட்டியில். அது ஒரு பவளத்தீவு: நடுவில் 275 சதுர கிலோமீட்டர் காயல், அதைச் சுற்றி வளையமாகச் சிறு சிறு தீவுத் துண்டுகள். அந்தத் துண்டுகளின் மொத்த நிலம் 2.4 சதுர கிலோமீட்டர்தான். அவற்றில் பெரியது ஃபோங்காஃபாலே. பெரியது என்றால் நீளத்தில் பெரியது, 12 கிலோமீட்டர். அகலம் பத்து மீட்டரில் தொடங்கி, மிஞ்சிப்போனால் 400 மீட்டர். பல இடங்களில் சாலையின் நடுவில் நின்றால் ஒரு கைப்பக்கம் காயல், மறு கைப்பக்கம் மாகடல்.

அந்த 400 மீட்டர் அகலம் வருகிற இடத்தில், அதாவது நாட்டிலேயே நல்ல நிலம் என்று சொல்லக்கூடிய இடத்தில், விமான நிலையம் உட்கார்ந்திருக்கிறது. ஓடுபாதையின் நீளம் 1,524 மீட்டர், அகலம் 30 மீட்டர்.

பிஜியிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு விமானம் வரும். ஏடிஆர் வகை, இறக்கையில் விசிறி சுற்றுகிற எழுபது பேர் விமானம். விமானம் நெருங்கியதும் தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு ஓடுபாதையில் புறப்படும். ஸ்கூட்டரில் குறுக்கே போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். விளையாடுகிற பிள்ளைகள் ஓரமாக ஒதுங்குவார்கள். நாய்களையும் பன்றிகளையும் விரட்ட வேண்டியிருக்கும். விமானம் இறங்கும், ஏறுகிறவர்கள் ஏறியதும் திரும்பிப் பறந்துவிடும். அதன்பின் ஓடுபாதை மறுபடியும் ஊருக்குச் சொந்தம்.

வெயில் தாழ்ந்ததும் அங்கே கூட்டம் சேரும். ஒரு பக்கம் கைப்பந்து வலை கட்டுவார்கள். இன்னொரு பக்கம் கால்பந்து, அதற்கப்பால் ரக்பி. தாழை ஓலையில் முடைந்த பந்தைக் கையால் தட்டி ஆடும் ஆனோ என்ற தீவு விளையாட்டும் உண்டு. கைக்குழந்தையோடு தாய்மார்கள் நடை பழகுவார்கள். புழுக்கம் அதிகமான இரவுகளில் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு வந்து ஓடுபாதையிலேயே படுத்துவிடுவார்கள். இரு பக்கக் கடற்காற்றும் தடையில்லாமல் வீசும் இடம் அது ஒன்றுதான்.

இந்தக் காட்சியைப் பல வெளிநாட்டுப் பயண எழுத்தாளர்கள் ஒரு வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார்கள். ஓடுபாதையில் தூங்குகிறார்களாம், பார்த்தீர்களா என்கிற தொனி. அந்தத் தொனி எனக்கு ஒவ்வாது. நம் ஊர்களில் மந்தை என்று ஒன்று இருந்ததே, மாடும் படுக்கும், பையன்களும் விளையாடுவார்கள், பஞ்சாயத்தும் கூடும், திருவிழாவுக்குப் பந்தலும் போடுவார்கள், அதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், இந்த மந்தைக்கு வாரத்தில் மூன்று நாள் விமானம் வருகிறது. வேறு திறந்த வெளி இல்லாத ஊரில் மனிதர்கள் இருக்கிற வெளியைப் பயன்படுத்துகிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சிரிக்க முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த வெளி எப்படி வந்தது என்ற கதை.

1942 அக்டோபர் 2-ஆம் தேதி அமெரிக்கப் படைகள் ஃபுனாஃபுட்டியில் இறங்கின. ஜப்பான் வடக்கே கில்பர்ட் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தது. அவற்றைத் தாக்க ஒரு விமானத்தளம் வேண்டும். சீபீஸ் என்று பெயரெடுத்த அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படைப்பிரிவு எந்திரங்களோடு வந்து, தீவின் அகலமான பகுதியில் நின்ற தென்னைகளை வெட்டிச் சாய்த்தது. தென்னையாவது மறுபடி முளைக்கும். அதைவிடப் பெரிய இழப்பு புலாகாக் குழிகள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பவளத்தீவில் மண் என்று எதுவும் கிடையாது. உடைந்த பவளமும் மணலும்தான். ஆறு இல்லை, ஓடை இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அந்த நன்னீரைத் தொடுகிற ஆழம்வரை குழி தோண்டி, இலைதழைகளைக் கொட்டி மக்கவைத்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த உரத்தில் புலாகா என்ற கிழங்கை வளர்ப்பார்கள். நம் சேம்புக்கு உறவான செடி, ஆனால் ஆளுயரத்துக்கும் மேலே வளரும். ஒரு குழி என்பது ஒரு குடும்பத்தின் சொத்து, சாப்பாடு, கௌரவம் மூன்றும். தாத்தா போட்ட தழை பேரனுக்குக் கிழங்காகும். அப்படிப்பட்ட குழிகள் பலவற்றை நிரவித்தான் அந்த ஓடுபாதை போடப்பட்டது.

அதோடு விடவில்லை. ஓடுபாதைக்கு அடியில் கெட்டிக்கப் பவளக்கல் வேண்டுமே. அதை எங்கிருந்து கொண்டுவருவது? அதே தீவைத் தோண்டினார்கள். ஒரு பக்கம் விளைகிற குழிகள் மூடப்பட்டன. மறு பக்கம் எதற்கும் பயன்படாத பெருங்குழிகள் பத்து புதிதாகத் திறந்தன. போர் முடிந்து படைகள் போய்விட்டன. குழிகள் அப்படியே கிடந்தன. அடியிலிருந்து உப்புநீர் ஊறி நிறைந்தது. ஊரின் குப்பை அதில் சேர்ந்தது. வெளித்தீவுகளிலிருந்து வேலை தேடித் தலைநகருக்கு வந்தவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. குழிகளின் விளிம்பிலும் தண்ணீருக்கு மேல் கால் நட்டும் குடிசை போட்டார்கள். பன்றிப் பட்டிகளும் அங்கேதான். சுமார் எழுபது ஆண்டுகள் இப்படி. 2015-இல்தான் நியூசிலாந்து அரசின் செலவில் காயலிலிருந்து மணல் எடுத்து அந்தக் குழிகளை நிரப்பினார்கள். நிரப்பி முடித்ததும் தீவில் புழங்கக்கூடிய நிலம் சுமார் 8 சதவீதம் கூடியது. எட்டு சதவீதம்! ஒரு போர், ஒரு நாட்டின் தலைநகரில் பன்னிரண்டில் ஒரு பங்கு நிலத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு, யாரும் கேட்காமல் எழுபது ஆண்டு போயிருக்கிறது.

போர்க்காலத்துக்கு வருவோம். 1943 ஏப்ரல் 20-ஆம் தேதி 22 பி-24 குண்டுவீச்சு விமானங்கள் இந்தத் தளத்திலிருந்து கிளம்பி நவுரு தீவைத் தாக்கின. அந்த விமானங்களில் ஒன்றில் இருந்தவர் லூயி சாம்பெரினி, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்க வீரர். பின்னாளில் கடலில் வீழ்ந்து, வாரக்கணக்கில் மிதந்து, ஜப்பானியச் சிறையில் கிடந்து மீண்டதற்காக அவர் பெயர் புத்தகமாகவும் படமாகவும் ஆனது. அன்று அவருடைய விமானம் உடம்பெல்லாம் துளைகளோடு ஃபுனாஃபுட்டிக்குத் திரும்பி வந்து இறங்கியது. மறுநாள் விடியுமுன்னே ஜப்பானிய விமானங்கள் பதிலுக்கு வந்தன. அந்த நாட்களில் ஒரு குண்டுவீச்சின்போது தீவுமக்கள் சுமார் 680 பேர் தேவாலயத்துக்குள் ஒண்டியிருந்தார்கள். சுவர் கான்கிரீட், கூரை தாழை ஓலை. ஒரு அமெரிக்கக் கார்ப்பரல் ஓடிவந்து, இங்கே இருக்காதீர்கள், பதுங்குகுழிகளுக்குப் போங்கள் என்று மன்றாடி எல்லோரையும் வெளியேற்றினார். அவர்கள் போன சற்று நேரத்தில் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது. குழியைத் தோண்டிப் போட்டதும் அந்தப் படைதான், ஊரைக் காப்பாற்றியதும் அந்தப் படையில் ஒருவர்தான். இரண்டையும் சேர்த்தே அந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

இன்னொரு கதையையும் சொல்லாமல் போக மனமில்லை. முதல் உலகப்போரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற விமானியான எடி ரிக்கன்பேக்கர் 1942 அக்டோபரில் வழி தவறிய ஒரு விமானத்தில் இருந்தார். எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்க நேர்ந்தது. எட்டுப் பேர், மூன்று ரப்பர் படகுகள், கையில் சில ஆரஞ்சுகள். 24 நாள் மிதந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். கடைசியில் துவாலுத் தீவுகளுக்கு அருகே ஒரு சிறிய கடல்விமானம் அவரையும் உடனிருந்த இருவரையும் கண்டுபிடித்தது. உள்ளே ஒருவருக்குத்தான் இடம். மற்ற இருவரை இறக்கைகளில் கயிற்றால் கட்டினார் விமானி. அந்தப் பாரத்தோடு மேலே எழும்ப முடியாது. ஆகவே விமானத்தைக் கடல் மேலேயே படகாக ஓட்டிக்கொண்டு ஃபுனாஃபுட்டியை நோக்கிக் கிளம்பினார். இறக்கையில் கட்டப்பட்டவர்களில் ரிக்கன்பேக்கரும் ஒருவர்.

போர் நாட்களில் நானுமேயா, நுக்குஃபெட்டாவ் என்ற வேறு இரண்டு தீவுகளிலும் ஓடுபாதைகள் போட்டார்கள். அவை இப்போது தென்னைக்குள் மறைந்துவிட்டன. ஃபுனாஃபுட்டி மட்டும் தப்பியது. அதனால் துவாலுவுக்கு இன்று ஒரே விமான நிலையம். மற்ற எட்டுத் தீவுக்காரர்கள் தலைநகர் வர வேண்டுமென்றால் கப்பல்தான், அதுவும் வருகிறபோதுதான். எல்லாம் ஓடுபாதையைச் சுற்றியே அமைந்துவிட்டது. மூன்று மாடி அரசுச் செயலகம் நடந்துபோகும் தூரத்தில். விடுதி அதன் பக்கத்தில். வானிலை அலுவலகம் ஓடுபாதை ஓரத்தில். மனேயாப்பா என்கிற பொதுக்கூடமும் அங்கேயே. சுவரில்லாத, நான்கு பக்கமும் காற்று வரும் கூடம். நாட்டின் நாடாளுமன்றம் அதில்தான் கூடிவந்திருக்கிறது. உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நம்மில் யாராவது அங்கே போக நினைத்தால் வழி இதுதான்: சிங்கப்பூர் போய், அங்கிருந்து பிஜித் தீவின் நாண்டி, பிறகு சுவாவுக்கு அருகே இருக்கும் நவுசோரியிலிருந்தோ நாண்டியிலிருந்தோ அந்த விசிறி விமானம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், கீழே வெறும் கடல். நாண்டியில் ஒரு நாள் தங்க நேர்ந்தால் வருத்தப்பட வேண்டாம். ஊருக்குள் வண்ணக் கோபுரத்தோடு சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள் கட்டிக் காப்பாற்றுகிற கோயில். பாரதி அழுது பாடியது அவர்களுடைய பாட்டிமார்களுக்காகத்தான். 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. துவாலுவுக்குப் போகிற தமிழனுக்கு வழியில் முருகனைக் கும்பிட ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் சமீபம்வரை எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார்கள். நாட்டின் முதல் ஏடிஎம் திறக்கப்பட்டதே 2025 ஏப்ரலில். பிரதமர் வந்து திறந்துவைத்தார், கேக் வெட்டினார்கள்.

வந்திறங்குகிறவர்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்தான். பெரும்பாலும் அரசாங்க வேலையாக வருகிறவர்கள், உதவித் திட்டங்களைச் சேர்ந்தவர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்புகிற துவாலு மக்கள். ஆனாலும் விமானம் வரும் நேரத்தில் நிலையத்தில் கூட்டம் இருக்கும். வழியனுப்புவது அங்கே சாதாரண காரியமில்லை. கிளம்புகிறவர் கழுத்தில் சோழி மாலைகளைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வேண்டியவர்கள் அதிகமென்றால் கழுத்து நிறைந்துவிடும். பெரிய விருந்தாளிகள் வந்தால் ஃபாத்தெலே ஆட்டம் உண்டு. மெதுவாகத் தொடங்கி, மரப்பெட்டியில் தட்டுகிற தாளம் ஏற ஏறப் பாட்டும் வேகமெடுத்து உச்சத்தில் சட்டென்று நிற்கும். 2012-இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமும் கேத்தரினும் வந்தபோது அவர்களைப் பல்லக்கில் வைத்து இளைஞர்கள் தோளில் சுமந்து போனார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் அந்தப் படத்தைப் போட்டன. எனக்கென்னவோ அதைவிட 2019 ஆகஸ்டில் நடந்த வரவேற்புதான் பெரிதாகப் படுகிறது. பசிபிக் தீவுகள் மன்றத்தின் உச்சிமாநாட்டுக்குத் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்திறங்கினார்கள். அவர்கள் நடந்துவரும் வழியில் ஒரு சின்னத் தீவை அமைத்து, அதைச் சுற்றித் தண்ணீர் தேக்கி, அந்தத் தண்ணீரில் சிறு பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று பிள்ளைகள் பாடினார்கள். ஒரு பிரதமரும் அதைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது. தீர்மானம் எழுதுகிற நேரத்தில் நிலக்கரி பற்றிய சொற்களை ஆஸ்திரேலியா நீர்க்கவைத்தது என்பது வேறு விஷயம்.

துவாலு என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வந்துவிட்டோம். மூழ்குகிறதா, இல்லையா?

இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. முதலில் அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். பவளத்தீவுகள் எப்படி உண்டாயின என்று 1842-இல் சார்லஸ் டார்வின் ஒரு விளக்கம் சொன்னார்: எரிமலைத் தீவு மெல்லக் கடலுக்குள் அமிழும், அதன் கரையோரப் பவளம் வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சும். அது சரியா என்று பார்க்க லண்டன் ராயல் சொசைட்டி தேர்ந்தெடுத்த இடம் இதே ஃபுனாஃபுட்டி. 1896, 1897, 1898 என மூன்று ஆண்டுகள் ஆள் அனுப்பித் துளையிட்டார்கள். 1,114 அடிவரை போயும் பவளச் சுண்ணாம்புதான் வந்தது. எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. டார்வின் பக்கம் காற்று வீசியது, ஆனால் வழக்கு தீரவில்லை. 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடோக்கில் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே பாறை தட்டுப்பட்ட பிறகே தீர்ப்பு வந்தது. ஃபுனாஃபுட்டியில் அந்தத் துளை போட்ட இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

ஆக அந்த நாடு நிற்பது ஓட்டை நிறைந்த சுண்ணாம்பின் மேல். கடலுக்கு எதிராகக் கரையில் சுவர் கட்டினால் போதாது. தண்ணீர் கீழிருந்தும் வரும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பெருவோதம் வரும்போது வானம் தெளிவாக இருக்கும், அலைகூட இருக்காது, ஆனால் வானிலை அலுவலகத்தைச் சுற்றியும் ஓடுபாதையை ஒட்டியும் தரையிலிருந்து உப்புநீர் கொப்புளித்து எழும். வீட்டு வாசலில் குளம் தேங்கும். ஓதம் வடிந்ததும் நீர் வந்த வழியே இறங்கிப்போகும், உப்பை மட்டும் விட்டுவிட்டு. மிச்சமிருக்கும் புலாகாக் குழிகளுக்கு அந்த உப்பு நஞ்சு.

மறுபக்கமும் உண்டு. 1971 முதல் 2014 வரையான வான்படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. துவாலுவின் 101 தீவுத் திட்டுகளின் மொத்தப் பரப்பு குறையவில்லை, 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்றது. அலைகள் உடைந்த பவளத்தைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. காலநிலை மாற்றமே புளுகு என்று சொல்ல அலைகிறவர்கள் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. தீவு உருமாறுகிறது, அதற்கேற்பத் திட்டமிடுங்கள் என்றார்கள். பரப்பு கூடுவதும் உயரம் கூடுவதும் ஒன்றல்ல. வாசலில் உப்புநீர் நிற்கிற பெண்ணிடம் போய், அம்மா, உன் நாடு 2.9 சதவீதம் வளர்ந்திருக்கிறது என்றால் அவள் என்ன சொல்வாள்?

தண்ணீரில் மிதக்கும் நாட்டுக்குக் குடிநீர்த் தட்டுப்பாடும் உண்டு. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் குடிக்க வேண்டும். 2011-இல் மாதக்கணக்கில் மழை பொய்த்தது. செப்டம்பர் இறுதியில் அவசரநிலை அறிவித்தார்கள். வீட்டுக்கு இத்தனை வாளி என்று அளந்து கொடுத்தார்கள். அப்போது நியூசிலாந்து விமானப்படையின் ஹெர்குலிஸ் கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரங்களோடு வந்து இறங்கியது இந்த ஓடுபாதையில்தான். புலாகாக் குழிகளை விழுங்கிய அதே பாதை ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. இனி அதைக் குறை சொல்லவும் முடியாது, மறக்கவும் முடியாது.

2021 நவம்பரில் வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே, கோட்டும் டையும் அணிந்து முழங்காலளவு கடலில் நின்று ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குப் பேசிய காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் நின்றதும் இதே ஃபோங்காஃபாலேயின் முனையில்தான். ஒரு காலத்தில் தரையாக இருந்த இடம். வெறும் பேச்சோடு அவர்கள் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பசுமைக் காலநிலை நிதியின் உதவியோடு காயல் பக்கம் மணலைக் கொட்டி 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குப் புதுநிலம் உருவாக்கினார்கள், 7.3 ஹெக்டேர். வருங்கால ஓதத்தைக் கணக்கிட்டு உயர்த்திப் போட்டது.

கூடவே இன்னொரு கதவும் திறந்தது. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஃபாலேபிலி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். குலுக்கல் முறையில் தேர்வு. கட்டணம் 25 டாலர். முதல் குலுக்கலுக்கு 2025 ஜூன், ஜூலையில் பதிவு நடந்தது. குடும்பத்தினரையும் சேர்த்துப் பதிந்தவர்கள் 8,750 பேர். நாட்டில் ஐந்து பேரில் நான்கு பேர்.

இந்த எண்ணைப் பார்த்து, துவாலு காலியாகிறது என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த விசாவில் போகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வந்துபோகலாம். பிள்ளையின் படிப்பு, மருத்துவம், ஒரு நல்ல வேலை, வயதான காலத்தில் ஒரு காப்பு என்று ஆளுக்கொரு கணக்கு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரில் வீடு கட்டுகிற நமக்கு இது புரியாதா? பதிந்தவர்கள் எல்லோரும் போக முடிவெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வழி ஒன்று இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 280 பேர் வீதம் என்றால் பதிந்த எல்லோரும் போய்ச்சேர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனை குழந்தைகள் பிறக்கும், எத்தனை பேர் திரும்புவார்கள், கணக்குப் பார்க்க என்னால் ஆகாது. போகிறவர்கள் போவதும் வருகிறவர்கள் வருவதும் இந்த ஒரு ஓடுபாதை வழியாகத்தான். மாலையில் அங்கே பந்தாட்டம் நடக்கும்வரை ஊர் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சொல்ல மறந்தது ஒன்று. உங்களில் தபால்தலை சேர்ப்பவர்களுக்கு இந்த நாட்டின் பெயர் முன்பே அறிமுகமாகியிருக்கும். எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில் கில்பர்ட் தீவுகளோடு ஒட்டியிருந்த துவாலு தனியாகப் பிரிந்து 1976 முதல் சொந்தத் தபால்தலை வெளியிட்டது. விடுதலை கிடைத்தது அதற்குப் பிறகு, 1978 அக்டோபர் 1-இல். மீன், சோழி, கப்பல், விமானம் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் அச்சிட்டு உலகமெங்கும் விற்றார்கள். அந்தச் சின்ன நாட்டுக்கு ஒரு காலத்தில் அது நல்ல வருமானம். பின்னர் இணையத்தில் நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட .டிவி என்ற முகவரி அந்த இடத்தைப் பிடித்தது. பள்ளி நாட்களில் மிட்டாய்க் காசுக்கு வாங்கிய துவாலுத் தபால்தலை யாரிடமாவது பழைய ஆல்பத்தில் இருந்தால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விமானம் போட்ட தலையாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த இதழின் வாசகர் பகுதியில் இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்